கீழ்வீட்டு மீட்டர்

அத்தியாயம் பதினொன்று

கருகிப்போன ஒரு பிளக்கைக் கழற்றுவதற்காகச் சின்னவள் கீழ்வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாள். அதே நொடியில் மேல்வீட்டில் ஓரகத்தியின் தலைமுடி உலர்த்தும் மெஷின் மூச்சை நிறுத்தியது. "யாரு கரண்ட்டை நிறுத்தினது?" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது. சின்னவள் சுவிட்சைப் போட்டாள், மெஷின் ஓடியது. அணைத்தாள், நின்றது. மறுபடி போட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் நாம் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அண்ணன்காரர் இந்த நாட்டுக்கு முன்னமே வந்து, டாக்ஸி ஓட்டி, மாடியும் கீழுமாக ஒரு வீடு வாங்கியவர். தம்பியையும் தம்பி மனைவியையும் அவர்கள் மகளையும் வரவழைத்தவரும் அவரே. "கீழ்வீடு சும்மாத்தான் கிடக்கு. வாடகைன்னு ஒரு காசு வேணாம். கரண்ட்டுக்கு மட்டும் தனி மீட்டர் இருக்கு, அதை நீங்க கட்டிக்குங்க, போதும்" என்றார். அண்ணன் என்றால் இவரல்லவோ அண்ணன் என்று கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். சின்னவளும் சொன்னாள்.

வாடகை இல்லாத அந்த வீட்டில் வாடகையைவிடப் பெரிதாகக் கரண்ட் பில் வந்தது.

புது நாட்டில் எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். குப்பையைக் கொட்டுவதற்குக்கூடக் கடையில் காசு கொடுத்துப் பை வாங்க வேண்டியிருந்த ஊர். ஒரு தலைக்கு முடிவெட்டும் கூலியில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம் என்பதால் கணவனின் தலையில் அவளே கத்தரிக்கோலை வைத்தாள். அவன் வேலை பார்க்கும் பேக்கரியில் அன்று முழுக்கத் தொப்பியைக் கழற்றாமலே மாவு பிசைந்தான். பஸ் ஏறுவதற்குப் பதில் நடந்தாள். கனத்த கோட்டு வாங்குவதற்குப் பதில் அவள் துணி வெளுக்கும் ஓட்டலில் யாரோ மறந்துவிட்டுப் போன கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். எல்லாம் குறைந்தது. கரண்ட் பில் மட்டும் குறையவே இல்லை.

"ஓட்டைக் கைடி உனக்கு" என்றாள் ஓரகத்தி.

சின்னவள் பகலில் ஹீட்டரை நிறுத்தினாள். மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். பில் குறையவில்லை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஓரகத்தி இறங்கி வந்து, குழந்தை குளிக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டினாள். "போதும் வாலு! சுடுதண்ணி என்ன, சும்மாவா வருது?" வாலு என்று பேரெடுத்த அந்தப் பெண், மூன்றாவது தடவை கதவு தட்டப்பட்ட பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் தொடுவதையே விட்டுவிட்டாள். உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டித்துக்கொண்டு வெளியே வந்து, "எனக்குக் குளிரலம்மா" என்று சொன்ன முகத்தைச் சின்னவள் மறக்கவில்லை. அன்றைக்கே அது நெஞ்சில் கொள்ளிக்கட்டையாக விழுந்துவிட்டது. ஆனால் யார் மேல் எறிவது என்று தெரியாமல் இருந்தது.

இப்போது தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் பேக்கரியிலிருந்து வந்து, முகத்தில் மாவு ஒட்டியிருக்க, டீயை ஊதிக்கொண்டிருந்தான். சின்னவள் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். சுவிட்சை அணைத்தது, மேலே மெஷின் நின்றது, மறுபடி போட்டது, எல்லாவற்றையும்.

அவன் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழைய ஒயரிங். எங்கயாவது கலந்திருக்கும்."

"கலந்தா ரெண்டு பக்கமும்ல கலக்கணும்? அவங்க கரண்ட்டு ஒரு நாளாவது நம்ம பக்கம் தப்பித் தவறி வந்துச்சா?"

"விடேன். அண்ணன் இல்லன்னா நாம இங்க வந்திருப்போமா?"

"வந்து என்ன கிழிச்சோம்? நீங்க ரெண்டு ஷிஃப்ட் பார்க்கறீங்க. நான் ஊரான் படுத்த விரிப்பை வெளுக்கறேன். எதுக்கு? மேல அக்கா அடுப்புல கேக் வேகறதுக்கா?"

"மெதுவாப் பேசு. காதுல விழும்."

"விழட்டும்."

அவன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தான். "எனக்குத் தூக்கம் வருது. இன்னைக்கு அண்ணி வீட்ல கூட்டம் வேற. ஏதாவது ஏடாகூடம் பண்ணி வைக்காத, ஆமா."

அண்ணன் பேரைச் சொன்னாலே அவனுக்கு முதுகெலும்பு வளைந்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். அதற்குமேல் அவனைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

கூட்டம் என்றானே, அது இதுதான். ஓரகத்திக்கு வெளியே ஒரு பெரிய பெயர் உண்டு. புதிதாக இந்த நாட்டுக்கு வரும் குடும்பங்களுக்கு, குறைந்த செலவில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று அவள் வீட்டு ஹாலிலேயே வகுப்பு எடுப்பாள். எந்தக் கடையில் எந்த நேரத்தில் காய்கறி பாதி விலைக்குப் போகும், எந்தப் பஸ் அட்டை லாபம், குளிர்கோட்டை எந்த மாதத்தில் வாங்க வேண்டும், குப்பைப் பையை எப்படி மிதித்து மிதித்து நிரப்ப வேண்டும், எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருக்கும். அவள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மையும்கூட. ஆனால் வகுப்பின் சிகரம் கரண்ட் பில்தான். "எங்க வீட்டு பில்லைப் பாருங்க" என்று அவள் தூக்கிக் காட்டும்போது ஹாலே வாயைப் பிளக்கும்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதேதான் என்று சின்னவளுக்கு இப்போது புரிந்தது.

கணவன் போர்வைக்குள் போனதும் அவள் மாடிப்படிக்கு அடியில் நுழைந்தாள். கோட்டுகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் சுவிட்சுப் பெட்டி இருந்தது. கதவைத் திறந்தாள். ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் அறையின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. கடைசி இரண்டுக்கு மட்டும் பெயர் இல்லை. அவற்றில் ஒன்றைத் தட்டினாள்.

மேலே ஓரகத்தியின் குரல். "இந்த அடுப்புக்கு என்ன கேடு வந்துச்சு? அணைஞ்சிடுச்சே!"

உடனே போட்டாள். அடுத்ததைத் தட்டினாள்.

"லைட்டும் போச்சு! என்னங்க, கொஞ்சம் பாருங்க!"

போட்டுவிட்டாள். மேலே ஹால் விளக்கு, ஹால் ஹீட்டர், சமையலறை, கேக் அடுப்பு, எல்லாம் இந்த இரண்டு விரல் அகலத்தில் அடங்கியிருந்தன. தன் மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட்ட குளிர்காலம் முழுக்க, மேலே உட்கார்ந்தவர்கள் இந்த இரண்டு சுவிட்சில் குளிர்காய்ந்திருக்கிறார்கள்.

மேலே போய்த் தனியாகக் கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும்? தனியாகக் கேட்டதைத் தனியாகவே மழுப்பிவிடுவார்கள். "அய்யோ, தெரியாமப் போச்சே" என்பார்கள். ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். வாடகை வாங்காததை நினைவுபடுத்துவார்கள். அப்புறம் சின்னவள்தான் நன்றி கெட்டவள் என்று பேராகும்.

சபை கூட்டிப் பேர் வாங்குகிறவளுக்குச் சபையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெட்டிக் கதவைச் சாத்தினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று அவளுக்குப் பசித்தது. நேற்றைய ரொட்டியில் வெண்ணெயைக் கட்டியாகத் தடவி நின்றபடியே தின்றாள்.

மதியம் கழிந்ததும் மேலிருந்து அழைப்பு வந்தது. "ஏய் சின்னவளே! வந்து டீ போட்டுக் குடு. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."

மகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பிவிட்டுச் சின்னவள் மாடிக்குப் போனாள். வாசலில் செருப்பும் பூட்சுமாகக் குவிந்து கிடந்தன. குளிர்காலமானதால் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. ஹாலில் எல்லா விளக்கும் எரிந்தன. ஹீட்டர் கணகணவென்று காய்ந்தது. வந்தவர்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "என்ன சுகமா இருக்கு!" என்றார்கள். கல்யாணமாகி நேரே விமானம் ஏறி வந்தவர்கள்போல் ஒரு ஜோடி. வயிறும் பிள்ளையுமாக ஒரு நர்ஸ். பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மெக்கானிக் ஒருவர், மனைவியும் மாமியாருமாக. இன்னும் சிலர். முகத்தில் எல்லோருக்கும் ஒரே களை. வந்து இறங்கிய சில மாதங்களில் சின்னவள் கண்ணாடியில் பார்த்த அதே களை.

அவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் கை தயங்கியது. பாவம், இவர்கள் முன்னால் வேண்டாமோ?

அந்தத் தயக்கத்தை ஓரகத்தியே தீர்த்துவைத்தாள்.

காய்கறி, பஸ், கோட்டு எல்லாம் முடிந்து கரண்ட்டுக்கு வந்தாள். இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் நம்பாமல் இரண்டு தடவை பார்த்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு கம்மியா? எங்க ஒரு ரூமுக்கே இதைவிட அதிகமா வருதே?"

"மனசு வேணும்மா. தேவையில்லாத லைட்டை அணைக்கணும். குளிருதுன்னா உடனே ஹீட்டர் பக்கம் ஓடக்கூடாது, ஸ்வெட்டர் பக்கம் ஓடணும். இதோ, எங்க வீட்டுச் சின்னவளே இருக்கா. ஏய், இங்க வா."

சின்னவள் டீத் தட்டோடு வந்தாள்.

"இவ வந்த புதுசுல முதல் பில்லைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்துடுச்சு. நானும் சொல்லாத நாளில்ல. கேட்டாத்தானே? ஊர்ல இருந்து வர்றப்ப பெட்டியைக் கொண்டு வந்தா போதும், ஊதாரித்தனத்தையும் சேர்த்துக் கொண்டு வரக்கூடாது. தப்பா எடுத்துக்காதடி, நாலு பேருக்குப் பாடமா இருக்கும்னுதான் சொல்றேன்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். மெக்கானிக்கின் மாமியார் சின்னவளை மேலும் கீழும் பார்த்தார். ஓட்டலில் யாரோ விட்டுப்போன கோட்டைப் போட்டிருந்தவள்தான் அந்த ஊதாரி.

"தப்பா ஒண்ணும் எடுத்துக்கலக்கா" என்றாள் சின்னவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "சர்க்கரை தீர்ந்துபோச்சு. கீழ போய் எடுத்துட்டு வர்றேன்."

படி இறங்கினாள். கோட்டுகளை விலக்கினாள். பெட்டிக் கதவைத் திறந்தாள். பெயர் ஒட்டாத இரண்டு சுவிட்சையும் ஒரே தட்டாகத் தட்டினாள்.

மேலே "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. நாற்காலி ஒன்று விழுந்தது. "யாரும் எழுந்திருக்காதீங்க, டீ இருக்கு, டீ இருக்கு" என்று ஓரகத்தி கத்தினாள்.

சின்னவள் படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்றாள். கீழ்வீட்டு விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று எரிந்தது. மேலே இருட்டில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அக்கா!" என்று குரல் கொடுத்தாள். "எனக்கு ஒரு சந்தேகம்க்கா. என் வீட்டு சுவிட்சை நான் அணைச்சா உங்க வீடு ஏன்க்கா இருட்டாகுது?"

"என்னடி உளர்ற? போடு முதல்ல!"

"போடறேன்க்கா." படிக்கு அடியில் கையை நீட்டிப் போட்டாள். மாடி வெளிச்சமானது. "பாருங்க, வந்துடுச்சு. இப்ப அணைக்கறேன்." இருட்டு. "திரும்பப் போடறேன்." வெளிச்சம். "எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க. நாலு பேருக்குப் பாடமா இருக்கும்."

மூன்றாவது தடவையும் அணைத்து, அப்படியே விட்டுவிட்டாள்.

மெக்கானிக் மட்டும் படியிறங்கி வந்தார். கைபேசி வெளிச்சத்தில் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மேலே பார்த்துச் சொன்னார். "மேல ஹாலும் சமையல்கட்டும் இந்த மீட்டர்லதான் ஓடுது. கீழ்வீட்டுக்காரங்கதான் கட்டறாங்க. இது தானா கலந்ததில்ல, இந்த ஒயரு மட்டும் புதுசு. யாரோ ஆள் வச்சு மாத்தியிருக்காங்க."

"அப்போ அந்த ரெண்டு ஸ்வெட்டர்?" என்று புதுமாப்பிள்ளை வாய்தவறிக் கேட்டுவிட்டான். அவன் மனைவி அவன் தொடையில் கிள்ளினாள். அதற்குள் சிரிப்பு ஒருவர் மாற்றி ஒருவராகப் பரவிவிட்டது.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு நாங்க ஹீட்டரே போடறதில்லக்கா" என்றாள். "என் பையனுக்கு ஒரு மாசமா சளி."

அந்த ஒரு வார்த்தை சிரிப்பையெல்லாம் விழுங்கிவிட்டது.

மெக்கானிக் கைபேசி வெளிச்சத்தோடு பின்னால் வர, சின்னவள் படியேறி மேலே வந்தாள். எத்தனை நாளாக இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தோம் என்று இருந்தது அவளுக்கு. வாயில் தேன் விட்டதுபோல் இருந்தது. ஓரகத்தியின் முகம் சுருங்குவதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு மடிப்பு விடாமல் பார்க்க வேண்டும். குளியலறைக் கதவைத் தட்டிய அந்தக் கை எங்கே ஒளியப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் ஓரகத்தி சின்னவளைப் பார்க்கவே இல்லை. கையில் பில்லைப் பிடித்தபடி, சமையலறை வாசலில் வேகாத கேக்கோடு நின்றிருந்த தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

அண்ணன்காரர் கேக் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். என்ன இது?"

"பழைய ஒயரிங்" என்றார் அண்ணன்காரர், கேக்கைப் பார்த்துக்கொண்டே. "எங்கயாவது கலந்திருக்கும்."

சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. காலையில் டீயைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சொன்னதை, இப்போது கேக்கைப் பார்த்துக்கொண்டு இன்னொருவர் சொல்கிறார். ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்த இரண்டு பிள்ளைகள்.

மெல்லத் திரும்பினாள். படிக்கட்டின் கீழே, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவன் நின்றிருந்தான். இத்தனை சத்தத்தில் எழுந்து வந்தவன் "என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்பதற்கு அவனுக்கு ஒன்றும் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் சின்னவள்.

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

பில் வரும் நாளில் எல்லாம் "நீ கொஞ்சம் பார்த்து நடந்துக்கக்கூடாதா?" என்று அவன் சொன்னது காதில் கேட்டது. பகலில் ஹீட்டரை அணைக்கச் சொன்னது அவன்தான். மகள் கோட்டோடு உட்கார்ந்து எழுதியதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ரொட்டி தின்றவன் அவன். எல்லாம் தெரிந்து தின்றிருக்கிறான்.

மேலே விட்ட அம்பு திரும்பி வந்து சொந்த வீட்டுக்குள்ளேயே குத்தி நின்றது.

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இருட்டில் பூட்சைத் தேடினார்கள். மாமியாரம்மாள் இடதுகாலில் மருமகனின் பூட்சை மாட்டிக்கொண்டு தடுமாறினார். நர்ஸ் போகும்போது சின்னவளின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஓரகத்தியிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

சின்னவள் கீழே வந்து மேஜை அருகில் உட்கார்ந்தாள். கணவன் எதிரில் நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஓரகத்தி இறங்கி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சின்னவள் முழங்கையை மேஜையில் ஊன்றி நிமிர்ந்தாள். வரட்டும். இன்னும் மிச்சம் இருக்கிறது கொடுப்பதற்கு.

ஓரகத்தி மேல் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அதற்கடுத்த ஸ்வெட்டரையும் கழற்றினாள். இரண்டையும் மேஜையில் போட்டாள்.

"நிஜமாவே குளிர்ல உட்கார்ந்திருந்தேன்டி நான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "யாரும் இல்லாத நேரத்துல ஹீட்டரைப் போடவே மாட்டேன். கூட்டம்னாத்தான் போடுவேன். லைட்டைத் தேடித் தேடி அணைப்பேன். பில்லு குறைஞ்சப்பெல்லாம், பரவால்லையே, நமக்கும் ஒரு சாமர்த்தியம் இருக்கேன்னு நினைச்சேன். ஊரைக் கூட்டிப் பாடம் எடுத்தேன். அந்தப் பொண்ணோட பையனுக்குச் சளியாம், கேட்டியா?"

"என் பொண்ணு பச்சைத்தண்ணியில குளிச்சா" என்றாள் சின்னவள். "அதுக்கு என்ன சொல்றீங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கதவைத் தட்டினீங்களா?"

"தட்டினேன். அது என் புத்தி. அதுக்கு நீ என்ன பண்ணினாலும் வாங்கிக்கறேன். செருப்பால அடிச்சாலும் சரி." ஓரகத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒயரை மாத்தினது நான் இல்ல. நம்ம கணக்கை அப்புறம் வச்சுக்குவோம். முதல்ல இவங்க ரெண்டு பேரு."

சின்னவள் அவளைப் பார்த்தாள். மன்னிக்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஆனாலும் தன் எதிரில் நிற்பவளின் கண்ணில் எரிவது தன் நெஞ்சில் எரியும் அதே கொள்ளிதான் என்பது தெரிந்தது. காலால் இன்னொரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

மேலேயிருந்து அண்ணன்காரர் குரல் கொடுத்தார். "ஏம்மா சின்னவளே, சுவிட்சைப் போட்டுவிடும்மா! எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம். மேல விறைக்குது!"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி படிக்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"விறைக்கட்டும்! பீரோவுல ஸ்வெட்டர் இருக்கு, ரெண்டா எடுத்துப் போட்டுக்குங்க! எனக்குப் பழகின மாதிரி உங்களுக்கும் பழகிடும்!"

மேலே பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சின்னவள் கணவன் பக்கம் திரும்பினாள். "எதுக்குச் சம்மதிச்சீங்க?"

"அண்ணன் கேட்டார்."

"அண்ணன் கிணத்துல குதின்னு சொன்னா குதிப்பீங்களா? வாடகை வாங்கலன்னு சாக்குச் சொல்லாதீங்க. மாசாமாசம் வாடகையைவிட அதிகமாக் கட்டியிருக்கோம். ரெண்டு ஷிஃப்ட் பார்த்துக் கட்டியிருக்கீங்க. அப்படியும் வாயைத் திறக்கலன்னா அவர் வேற எதையோ பிடிச்சு வச்சிருக்கார். என்ன அது?"

அவன் போர்வையின் ஓரத்தை முறுக்கினான். சின்னவளைப் பார்த்தான். அப்புறம், முதல் தடவையாக, ஓரகத்தியைப் பார்த்தான்.

"அவர் எதையும் பிடிச்சு வைக்கல" என்றான். "அவர் விஷயம் ஒண்ணை நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். அண்ணி முன்னாடி சொல்ல முடியாது."

ஓரகத்தி சின்னவள் தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்து நன்றாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்குத் தெரியாம அவர் என்னவோ பண்ணியிருக்கார். சொல்லுப்பா. நான் எங்கயும் போறதா இல்ல."

"டேய்!" மாடியில் கதவு படாரென்று திறந்தது. அண்ணன்காரர் இருட்டில் தடதடவென்று படியிறங்கினார். ஒரு படி தவறிச் சுவரைப் பிடித்துக்கொள்வது கேட்டது. "டேய் தம்பி! வாயைத் திறக்காத! நான் வர்றேன், இரு! நமக்குள்ள என்ன பேச்சு பேசியிருக்கோம்?"

சின்னவள் எழுந்து போனாள். மாடிப்படிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தப் பக்கம் அவர் வந்து இடிக்க ஆரம்பித்தார். கதவு அதிர்ந்தது. அவள் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.